மிளகாயைத் தாக்கும் வைரஸ்களை இனங்காண்பது எப்படி: ஆய்வுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

இலை சுருண்டு குட்டையாகி நிற்கும் மிளகாய்ச் செடியைக் காட்டி, "வைரஸ் விழுந்துவிட்டது" என்று விவசாயி சொல்வார். அவர் சொல்வது பல சமயம் சரியாகவே இருக்கும். ஆனால் எந்த வைரஸ் என்ற கேள்விக்கு அந்தச் செடியைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லிவிட முடியாது. இராமநாதபுரத்து முண்டு மிளகாய்க் காடானாலும் குண்டூர்ப் பக்கத்துப் பாசன வயலானாலும், ஒரே செடியில் இரண்டு மூன்று வைரஸ்கள் சேர்ந்திருப்பது சாதாரணம். அவற்றோடு பூச்சிகள் விட்டுச்சென்ற சேதமும் கலந்திருக்கும். ஆகவே புதிதாக இந்தத் துறைக்கு வருபவர் முதலில் பழக வேண்டியது, பெயரைக் கடைசியில் வைப்பது. ஒவ்வொரு சோதனையும் ஒரு கேள்விக்கு மட்டுமே விடை தரும். அந்தக் கேள்வி எது என்பதைச் சோதனைக்கு முன்பே குறிப்பேட்டில் எழுதிவைப்பவருக்குப் பாதிக் குழப்பம் வராது.

வைரஸ் அல்லாதவற்றை முதலில் விலக்குங்கள்

வயலில் இறங்கியதும் கையில் எடுக்க வேண்டியது பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ். இலை விளிம்புகள் மேல்நோக்கி மடிந்து படகு போலக் குவிந்திருந்தால் இலைப்பேனைச் சந்தேகியுங்கள். இலையின் அடிப்பக்கத்தில் சுரண்டிய தழும்புகளும் பழுப்பு நிறமும் தெரியும். விளிம்புகள் கீழ்நோக்கி மடிந்து, இலை குறுகி, காம்பு மட்டும் அளவுக்கு மீறி நீண்டிருந்தால் அது பெரும்பாலும் மஞ்சள் சிலந்தியின் வேலை. இந்தச் சிலந்தி வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது என்பதால், இதன் சேதம் வைரஸ் கணக்கில் எழுதப்படுவது மிக அதிகம். 2021-22 பருவத்தில் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் திரிப்ஸ் பார்விஸ்பைனஸ் என்ற அயல்நாட்டு இலைப்பேன் மிளகாயை அழித்தபோது, பூக்களைத் தட்டிப் பார்த்தவர்களுக்குக் கருநிறப் பூச்சிகள் கொத்தாக உதிர்ந்தன. பூவைத் தட்டாமல் இலையை மட்டும் பார்த்தவர்கள் வேறு முடிவுக்குப் போயிருக்கக்கூடும். பக்கத்து வயலில் அடித்த 2,4-டி களைக்கொல்லி காற்றில் மிதந்து வந்தாலும் இலைகள் நாடாவைப் போல் குறுகிவிடும். அப்போது பாதிப்பு காற்று வீசிய பக்கத்து வரப்பிலிருந்து உள்ளே போகப்போகக் குறைந்துகொண்டே வருவதைக் காணலாம்.

எளிய சோதனை ஒன்று உண்டு. ஐயமான செடிகளில் சிலவற்றைக் குறியிட்டு, சிலந்தியையும் இலைப்பேனையும் கட்டுப்படுத்திவிட்டு, இரண்டு வாரம் கழித்து வரும் புதுக் குருத்தைப் பாருங்கள். பூச்சிச் சேதமாக இருந்தால் புதுக் குருத்து நேராக வரும். வைரஸ் தாக்கிய செடி அப்படித் தேறுவது அரிது.

அடையாளங்களைச் சொற்களில் எழுதுங்கள்

"தேமல்" என்று ஒற்றைச் சொல்லில் எழுதிவிட்டு வந்தால், ஆறு மாதம் கழித்து அந்தக் குறிப்பு உங்களுக்கே பயன்படாது. இலையில் நிறம் எப்படி மாறியிருக்கிறது, நரம்பை ஒட்டியா நரம்புகளுக்கு இடையிலா, குருத்தில் தொடங்கியதா அடியிலையிலா, கணுவிடை குறுகியிருக்கிறதா, காயில் என்ன தெரிகிறது என்று தனித்தனியாக எழுதுங்கள். நம் நாட்டு மிளகாயில் அடிக்கடி எதிர்ப்படும் ஐந்து கூட்டங்களை இந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

வெள்ளை ஈ பரப்பும் பெகோமோ வைரஸ்கள், அதாவது இலைச்சுருட்டை நோயை உண்டாக்குபவை, இலையை மேல்நோக்கிச் சுருட்டி, நரம்பைத் தடிக்கச் செய்து, கணுவிடையைக் குறுக்கிச் செடியைப் புதர்போல ஆக்கிவிடும். அசுவினி பரப்பும் மிளகாய் நரம்புத் தேமல் வைரஸ், அதாவது சில்லி வெய்னல் மாட்டில் வைரஸ், நரம்பை ஒட்டிய பகுதியைக் கரும்பச்சையாகவும் இடைப்பகுதியை வெளிறியும் காட்டும். அதைப் போலவே அசுவினி வழியாக வரும் வெள்ளரித் தேமல் வைரஸ், இலையை மங்கிய பச்சையாக்கி, சில செடிகளில் கயிறுபோலக் குறுக்கிவிடும். இலைப்பேன் பரப்பும் நிலக்கடலை மொட்டுக் கருகல் வைரஸும் அதன் உறவினரான கேப்சிகம் குளோரோசிஸ் வைரஸும் குருத்தைக் கருக்கி, தண்டில் கருங்கோடு இழுத்து, காயில் வளையம் வளையமாகக் குறி போடும். ஐந்தாவது கூட்டமான டொபாமோ வைரஸ்களுக்குப் பூச்சியே தேவையில்லை; விதை, கை, கத்தி, உடை போதும். இக்கூட்டத்தைச் சேர்ந்த பெப்பர் மைல்டு மாட்டில் வைரஸ் இலையில் பெரிதாக எதையும் காட்டாமல் இருந்துவிட்டு, காயைச் சிறுக்கச் செய்து கரடுமுரடாக்கிவிடும். குடைமிளகாய்ப் பசுமைக்குடிலில் இதை எப்போதும் மனதில் வைத்திருங்கள்.

இவை எல்லாம் சந்தேகத்துக்கான காரணங்களே தவிர முடிவுகள் அல்ல. ஒரே வைரஸ் வேறு இரகத்தில் வேறு முகம் காட்டும். பூக்கும் பருவத்தில் தொற்றிய செடி, நாற்றங்காலிலேயே தொற்றிய செடியைப் போலவே இருக்காது.

மாதிரி எடுப்பதில் தவறினால் மற்றதெல்லாம் வீண்

என் அனுபவத்தில், ஆய்வகத்தில் நடந்த தவறுகளைவிட வரப்பில் நடந்த தவறுகளே அதிகம். முற்றிக் காய்ந்த அடியிலையைப் பறிக்காதீர்கள். குருத்திலிருந்து இரண்டாவது, மூன்றாவது இலைகளில்தான் பெரும்பாலான வைரஸ்கள் நிறைந்திருக்கும். நோய் முற்றிய செடிகளை மட்டும் எடுக்காமல், இளம் அறிகுறி உள்ளவை, அறிகுறியே இல்லாதவை என்று கலந்து எடுங்கள். வயலின் ஒரு மூலையில் நின்றுகொண்டு எடுக்காமல், குறுக்காக நடந்து எடுங்கள்.

ஒவ்வொரு செடிக்கும் தனிப் பை, தனிச் சீட்டு. சீட்டில் பென்சிலால் எழுதுங்கள். பனிக்கட்டிப் பெட்டியின் ஈரத்திலும் ஆல்கஹால் பட்டும் பேனா மை கரைந்து, ஊர் திரும்பியபோது நாற்பது பைகளும் ஒரே மாதிரியாகக் கிடப்பதை ஒரு முறை பார்த்தவர் இதை மறக்கமாட்டார். ஊர், நாள், இரகம், செடியின் வயது, செடியில் இருந்த பூச்சி ஆகியவற்றோடு, வயலைச் சுற்றியுள்ள பயிரையும் களையையும் எழுதுங்கள். பக்கத்தில் தக்காளியோ உளுந்தோ நிலக்கடலையோ இருப்பது பின்னால் பெரிய துப்பாக அமையும். ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்போது கையுறையை மாற்றுங்கள் அல்லது கையைச் சோப்பால் கழுவுங்கள்.

இலையின் மேல் நீர்த்துளி இருந்தால் ஒற்றியெடுத்துவிட்டுப் பையிலிட்டுப் பனிக்கட்டியில் வையுங்கள். பயணம் நீண்டதாக இருந்தால், இலையைச் சிறு துண்டுகளாக நறுக்கி சிலிக்கா ஜெல்லோடு சேர்த்து மூடி உலர்த்திக் கொண்டுவரலாம். மொட்டுக் கருகல் கூட்டத்து வைரஸ்கள் மட்டும் மிக மென்மையானவை. கசக்கிய சாறு அறை வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே தொற்றும் திறனை இழந்துவிடும். டொபாமோ வைரஸோ காய்ந்த இலையில் ஆண்டுக்கணக்கில் உயிர்ப்புடன் கிடக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பூச்சி புகாத வலைக்குள் நீங்களே வளர்த்த நலமான மிளகாய்ச் செடி ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். வயலில் "நன்றாக இருக்கிறதே" என்று பறித்த இலையை நலமான ஒப்பீடாக வைத்துக்கொள்வது தவறு.

சாறு தேய்த்துப் பார்த்தல்

மூலக்கூறு முறைகள் வந்த பிறகு இந்தப் பழைய முறையை ஒதுக்கும் போக்கு இருக்கிறது. அது எனக்கு உடன்பாடில்லை. உயிருள்ள வைரஸ் இருக்கிறதா, அது எவற்றில் தொற்றும் என்ற கேள்விகளுக்குச் செடிதான் விடை சொல்லும். 1929-இல் பிரான்சிஸ் ஹோம்ஸ், நிகோடியானா குளுட்டினோசா என்ற புகையிலை இனத்தின் இலையில் தோன்றும் கருகற்புள்ளிகளை எண்ணியே வைரஸின் அளவைக் கணிக்கலாம் என்று காட்டினார். அந்தச் செடி இன்றும் நம் கண்ணாடிக் குடிலில் வேலை செய்கிறது.

குளிரவைத்த கல்வத்தில் 1 கிராம் இலைக்கு 10 மில்லி வீதம் குளிர்ந்த பாஸ்பேட் கரைசல் சேர்த்து அரையுங்கள். கரைசல் 0.05 முதல் 0.1 மோலார் செறிவும் பி.எச். 7 அளவும் கொண்டிருக்கட்டும். சாறு கறுக்காமல் இருக்க 0.1 விழுக்காடு மெர்காப்டோஎத்தனால் சேர்க்கலாம். சோதனைச் செடியின் இலைமீது 600 மெஷ் கார்போரண்டம் தூளை மெல்லத் தூவி, சாற்றில் நனைத்த விரலால் ஒரே பக்கமாகத் தடவுங்கள். இலையின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழ வேண்டும். இலை கிழிந்துவிட்டால் அழுத்தம் அதிகம். பிறகு நீரால் கழுவிவிட்டு நிழலில் வையுங்கள். முந்தைய நாள் செடியை இருட்டில் வைத்திருந்தால் தொற்று எளிதாகும். வெறும் கரைசல் மட்டும் தடவிய செடிகளும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தட்டைப்பயறு நாற்றின் முதல் இலை இணை விரிந்திருக்கும் பருவத்தில் மொட்டுக் கருகல் வைரஸைத் தடவினால், மூன்று முதல் ஐந்து நாட்களில் வெளிறிய வட்டப் புள்ளிகள் தோன்றி, அவற்றின் நடு கருகத் தொடங்கும். கீனோபோடியம் என்ற சோதனைச் செடியின் இலையில் வெள்ளரித் தேமல் வைரஸ் சிறு புள்ளிகளோடு நின்றுவிடும். பெப்பர் மைல்டு மாட்டில் வைரஸ் குளுட்டினோசாவில் கருகற்புள்ளிகளைத் தரும். ஆனால் அந்தப் புள்ளிகளுக்குக் காரணமான எதிர்ப்பு மரபணு 28 டிகிரிக்கு மேல் வேலை செய்யாது. சித்திரை வெயிலில் குளிரூட்டாத குடிலில் இதைச் செய்துவிட்டு, "புள்ளி வரவில்லை, ஆகவே டொபாமோ இல்லை" என்று எழுதுபவர்கள் உண்டு. வெப்பமானியைக் குடிலில் தொங்கவிடுங்கள்.

இலைச்சுருட்டை பெகோமோ வைரஸ்கள் பொதுவாகச் சாற்றின் வழியே தொற்றுவதில்லை. அவற்றுக்கு வெள்ளை ஈயை நோயுற்ற செடியில் ஒரு நாள் உண்ணவிட்டு, பிறகு நலமான நாற்றுக்கு மாற்ற வேண்டும். அல்லது ஒட்டுக்கட்ட வேண்டும். இந்த ஈக்கள் எங்கிருந்து வந்தன என்பது முக்கியம். நோயில்லாத செடியில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த கூட்டமாக இருக்கட்டும்.

ஒரு செடியில் பல வைரஸ்கள் கலந்திருக்கக்கூடும் என்பதால், சாற்றால் தொற்றுபவற்றைத் தனிமைப்படுத்த ஒற்றைப் புள்ளி முறையைக் கையாளலாம். தனியாக நிற்கும் ஒரு புள்ளியை மட்டும் வெட்டி எடுத்து, அரைத்து, அடுத்த செடியில் தடவி, இதை மூன்று முறை திரும்பச் செய்தால் கிடைப்பது பெரும்பாலும் ஒரே வைரஸின் தூய வளர்ப்பாக இருக்கும்.

எலிசா

மைக்கேல் கிளார்க்கும் ஆந்தனி ஆடம்சும் 1977-இல் தாவர வைரஸ்களுக்காக வகுத்துத் தந்த எலிசா முறை, நூறு மாதிரிகளை ஒரே நாளில் வடிகட்ட இன்னும் மிகச் சிக்கனமான வழி. 96 குழித் தட்டில் எதிர்ப்பொருள் பூசி, இலைச்சாறு இட்டு, நொதி இணைத்த இரண்டாம் எதிர்ப்பொருளைச் சேர்த்து, இறுதியில் தோன்றும் மஞ்சள் நிறத்தை 405 நானோமீட்டரில் அளக்கிறோம். நலமான செடியின் சராசரி அளவைவிட இரண்டு அல்லது மூன்று மடங்குக்கு மேல் இருப்பதை நேர்மறை என்று கொள்வது வழக்கம். எந்த அளவுகோல் என்பதைத் தட்டு பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

எலிசா விடை தரும் கேள்வி, "இந்த எதிர்ப்பொருள் அடையாளம் காணும் புரதம் இருக்கிறதா" என்பது மட்டுமே. நிலக்கடலை மொட்டுக் கருகல் வைரஸுக்கான எதிர்ப்பொருள் கேப்சிகம் குளோரோசிஸ் வைரஸையும் பிடித்துக்கொள்ளும். டொபாமோ கூட்டத்திலும் இதே குறுக்கு வினை உண்டு. ஆகவே தட்டில் மஞ்சள் வந்தால் கூட்டத்தின் பெயரை எழுதுங்கள், இனத்தின் பெயரை எழுதாதீர்கள்.

மின்னணு நுண்ணோக்கி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். டொபாமோ 300 நானோமீட்டர் நீள விறைத்த கோல். நரம்புத் தேமல் வைரஸ் வளையும் நீண்ட இழை. வெள்ளரித் தேமல் ஏறத்தாழ 29 நானோமீட்டர் உருண்டை. பெகோமோ ஒன்றோடொன்று ஒட்டிய இரட்டை உருண்டை. வெள்ளரித் தேமல் துகள் பாஸ்போடங்ஸ்டேட் சாயத்தில் சிதைந்துவிடும் என்பதால் அதற்கு யுரேனைல் அசிட்டேட் பயன்படுத்துங்கள்.

பி.சி.ஆர்.

பி.சி.ஆர். என்பது மரபுப் பொருளில் தேர்ந்த ஒரு துண்டை மட்டும் பலமடங்கு பெருக்கிக் காட்டும் முறை. இங்கே முதலில் கேட்க வேண்டியது, தேடும் வைரஸின் மரபுப் பொருள் டி.என்.ஏ.வா ஆர்.என்.ஏ.வா என்பது. மேலே சொன்ன ஐந்து கூட்டங்களில் பெகோமோ மட்டுமே டி.என்.ஏ. வைரஸ். அதற்கு சி.டி.ஏ.பி. என்ற வேதிப்பொருளைக் கொண்டு எடுத்த மொத்த டி.என்.ஏ. போதும். மற்ற நான்குக்கும் ஆர்.என்.ஏ. எடுத்து, முதலில் அதை சி.டி.என்.ஏ.வாக, அதாவது டி.என்.ஏ. நகலாக, மாற்ற வேண்டும்.

அந்த மாற்றத்தில்தான் நான் சறுக்கினேன். பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், எல்லா மாதிரிகளுக்கும் ஒலிகோ-டி.டி. பிரைமரையே (பிரைமர் என்பது நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) பயன்படுத்தி சி.டி.என்.ஏ. செய்தேன். நரம்புத் தேமல் வைரஸ் பளிச்சென்று வந்தது. வெள்ளரித் தேமல் ஒன்றில்கூட வரவில்லை. "இந்தப் பகுதியில் வெள்ளரித் தேமல் இல்லை" என்று அறிக்கையே எழுதிவிட்டேன். ஒலிகோ-டி.டி. பற்றிக்கொள்ள ஆர்.என்.ஏ.வின் முனையில் அடினின் வால் வேண்டும். நரம்புத் தேமல் வைரஸுக்கு அந்த வால் உண்டு. வெள்ளரித் தேமல், டொபாமோ, மொட்டுக் கருகல் வைரஸ்களுக்கு இல்லை. மூத்த சக ஊழியர் ஒருவர் அறிக்கையைப் படித்துவிட்டு, "எந்த பிரைமர்?" என்று மட்டும் கேட்டார். எந்த இடத்திலும் பற்றிக்கொள்ளும் ஆறெழுத்து பிரைமரான ரேண்டம் ஹெக்சாமரில் மறுபடி செய்தபோது மூன்றில் ஒரு பங்கு மாதிரிகளில், பெருகிய துண்டைக் காட்டும் பட்டை ஜெல்லில் வந்தது. கலப்புத் தொற்றைத் தேடும்போது ரேண்டம் ஹெக்சாமரையோ அந்தந்த வைரஸுக்கான பிரைமரையோ பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் நான்கு ஒப்பீடுகள் கட்டாயம்: வைரஸ் இருப்பது உறுதியான மாதிரி, நலமான செடி, வெறும் நீர், தாவரத்தின் சொந்த மரபணு ஒன்றுக்கான பிரைமர். கடைசியது எதற்கென்றால், மிளகாய் இலையிலுள்ள பீனால் பொருட்கள் நொதியை முடக்கி, வைரஸ் இருந்தும் இல்லாததுபோலக் காட்டக்கூடும். தாவர மரபணுவும் பெருகவில்லை என்றால் பழி வைரஸின் மேல் இல்லை, உங்கள் பிரித்தெடுப்பின் மேல். நீர்க் குழியில் பட்டை வந்தால் அன்றைய முடிவுகள் அனைத்தையும் கைவிடுங்கள். பெப்பர் மைல்டு மாட்டில் வைரஸைத் தேடும்போது சாப்பாட்டு மேசையையும் நினைவில் வையுங்கள்: மிளகாய்த்தூளிலும் சாஸிலும் இந்த வைரஸின் ஆர்.என்.ஏ. இருக்கக்கூடும். மிளகாய் உண்ணும் மனிதரின் மலத்தில் இது ஏராளமாக வெளியேறுவதால், கொரோனா காலத்தில் கழிவுநீரைச் சோதித்தவர்கள் இதையே ஒப்பீட்டு அளவுகோலாகப் பயன்படுத்தினார்கள். ஊறுகாய் தொட்ட கையோடு பிப்பெட்டைத் தொடாதீர்கள் என்று நான் சொல்வது வேடிக்கைக்காக அல்ல.

வரிசையைப் படித்தல்

பட்டை வந்துவிட்டது என்பது இனங்காணல் அல்ல. அந்தப் பட்டையை வெட்டி, தூய்மைப்படுத்தி, இரு திசைகளிலும் அதன் நியூக்கிளியோடைடு வரிசையைப் படித்து, ஜென்பேங்க் என்ற பொது வரிசைத் தரவுத்தளத்தில் உள்ளவற்றோடு ஒப்பிட வேண்டும். இனம் என்று முடிவு செய்ய ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி எல்லை உண்டு. பெகோமோவுக்கு ஏறத்தாழ 2,700 நியூக்கிளியோடைடு நீளமுள்ள டி.என்.ஏ.-ஏ என்ற வட்ட மூலக்கூறு முழுவதையும் ஒப்பிட்டு 91 விழுக்காடு ஒற்றுமை; டொபாமோவுக்கு முழு மரபணுத்தொகையில் 90 விழுக்காடு; நரம்புத் தேமல் வைரஸ் சேர்ந்த போட்டிவைரஸ் (potyvirus) கூட்டத்துக்கு 76 விழுக்காடு; மொட்டுக் கருகல் கூட்டத்துக்கு வழக்கமாகப் பார்ப்பது நியூக்கிளியோகேப்சிட் (N) புரதத்தின் அமினோ அமில வரிசையில் 90 விழுக்காடு.

பெகோமோவில் அவசரம் கூடாது. இவை தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் வழக்கம் உள்ளவை. உறைப்புரத மரபணுவின் 500 எழுத்துகள் ஒரு வைரஸைக் காட்டும், மீதிப் பகுதி இன்னொன்றைக் காட்டும். ஆகவே ஃபை29 நொதியால் வட்ட டி.என்.ஏ.வைப் பெருக்கி, ஒரே இடத்தில் வெட்டும் நொதியால் வெட்டி, ஜெல்லில் 2.7 கிலோபேஸ் உயரத்தில் தெரியும் பட்டையைக் குளோன் செய்து, அதாவது பாக்டீரியத்தில் ஏற்றிப் பெருக்கி, முழுதாகப் படியுங்கள். அதற்குக் கீழே 1.35 கிலோபேஸ் அருகில் இன்னொரு பட்டை தெரிந்தால் மகிழுங்கள்; அது பெரும்பாலும் பீட்டாசாட்டிலைட், அதாவது வைரஸைச் சார்ந்து பெருகும் சிறு டி.என்.ஏ. துணைக்கூறு. நோயின் கடுமைக்கு அது காரணமாக இருக்கலாம் என்பதால் அதையும் படிக்க வேண்டும்.

எதைத் தேடுவது என்றே தெரியாதபோது, மாதிரியிலுள்ள மரபுப் பொருளை ஒருசேரப் படிக்கும் உயர்திறன் வரிசைப்படுத்தல் உதவும். ஆனால் அது தரும் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும், அதே மாதிரியிலிருந்து தனி பிரைமரால் மறுபடி பெருக்கி உறுதி செய்த பிறகே எழுதுங்கள்.

நோய்க்குக் காரணம் இதுதான் என்று காட்டுதல்

நோயுற்ற செடியில் ஒரு வைரஸ் இருந்தது என்பதும், அந்த நோயை அதுதான் உண்டாக்கியது என்பதும் வேறு வேறு கூற்றுகள். இரண்டாவதைச் சொல்ல வேண்டுமானால், தூய வளர்ப்பை நலமான மிளகாய் நாற்றில் தொற்றச் செய்து, வயலில் கண்ட அறிகுறி திரும்புகிறதா என்று பார்த்து, அந்த நாற்றிலிருந்து அதே வைரஸை மீண்டும் எடுத்துக் காட்ட வேண்டும். பெகோமோவாக இருந்தால், குளோனை, தாவரத்துக்குள் டி.என்.ஏ.வைச் செலுத்தும் பாக்டீரியமான அக்ரோபாக்டீரியத்தில் ஏற்றி நாற்றின் தண்டில் செலுத்துகிறார்கள். வைரஸை மட்டும் ஒரு தொகுதிக்கும், பீட்டாசாட்டிலைட்டையும் சேர்த்து இன்னொரு தொகுதிக்கும் செலுத்தினால் யார் என்ன செய்கிறார் என்பது பிரிந்து தெரியும். விதை வழியே வருகிறதா என்று அறிய, நோயுற்ற காயின் விதைகளை வலைக்குள் முளைக்கவைத்து நாற்றுகளைச் சோதியுங்கள். விதையுறையில் ஒட்டியிருக்கும் டொபாமோ வைரஸை எலிசா காட்டிவிடும் என்பதால், விதையை மட்டும் அரைத்துப் பார்த்து முடிவு சொல்லக் கூடாது.

வரிசையை ஜென்பேங்கில் சேர்க்கும்போது ஊர், ஆண்டு, இரகம் மூன்றையும் தவறாமல் பதியுங்கள். எஞ்சிய இலையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மைனஸ் 80 டிகிரியிலும் மறுபாதியை உலர்த்தியும், பென்சில் சீட்டோடு வையுங்கள்.